கடையில் சாதி பார்த்துத் தர மறுத்தால்: புகார் நிற்கும்படி எழுதுவது

'அனுமதிக்கும் உரிமை எங்களுடையது' என்று ஓட்டல் வாசலில் பலகை தொங்கலாம். குடித்துவிட்டு ரகளை செய்பவரையும் பழைய பாக்கி தராதவரையும் திருப்பி அனுப்ப அந்தப் பலகையே தேவையில்லை. சாதி பார்த்து அனுப்ப அது உதவவும் உதவாது. சாதி காரணமாகக் கடைக்குள் வரவிடாமல் தடுக்கக் கூடாது என்னும் அரசமைப்புச் சட்டத்தின் 15(2) தனியார் கடைக்கும் பொருந்தும். முடிதிருத்தும் கடை, சலவைக்கடை, தள்ளுவண்டி எல்லாமே தீண்டாமையைத் தண்டிக்கும் 1955ஆம் ஆண்டு குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி கடைதான்.

அந்தச் சட்டத்தின் 6ஆம் பிரிவு முக்கியமாகக் கேட்பது இது: அதே நேரத்தில், அதே இடத்தில், மற்றவருக்குக் கொடுக்கும் அதே நிபந்தனையில் உங்களுக்குத் தர மறுத்தாரா? பெரும்பாலான புகார்கள் இங்கேதான் சறுக்குகின்றன. 'கேவலமாக நடத்தினார்' என்று பக்கம் பக்கமாக எழுதுவார்கள். பக்கத்தில் நின்றவருக்கு டீ கொடுத்ததை விட்டுவிடுவார்கள். தேதி, மணி, கேட்ட பொருள், நீட்டிய பணம், கடைக்காரர் சொன்ன வார்த்தை அப்படியே, அப்போது வாங்கியவர் யார், சாட்சி இருவர்: இவ்வளவும் முதல் பக்கத்திலேயே வரட்டும். தனி டம்ளர் என்றால் இரண்டு வகை டம்ளரும் எங்கே வைக்கப்பட்டிருந்தன என்பதையும் எழுதுங்கள்.

உங்கள் சாதியையும் அவருடைய சாதியையும் குறிப்பிடுங்கள். சாதிச் சான்றிதழ் நகலை இணையுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(இசட்ஏ)(டி) பிரிவில், கடைக்குள் நுழைவதையோ அங்கே பொதுவாக வைத்த பாத்திரத்தைப் பயன்படுத்துவதையோ தடுத்தால், 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை உண்டு. ஆனால் கடைக்காரரும் பட்டியல் சாதியினராகவோ பழங்குடியினராகவோ இருந்தால் அது பொருந்தாது. 1955 சட்டம் மட்டுமே கைகொடுக்கும். கடைக்காரர் உங்களுக்கு ஏற்கெனவே பழக்கமுள்ளவர் என்றால் அதையும் சேர்த்து எழுதுங்கள். 'சாதி தெரியாது' என்ற வாதம் அப்போது எளிதில் எடுபடாது.

தென்காசி மாவட்டம் பாஞ்சாங்குளத்தில் 2022இல் சிறுவர்களுக்குத் தின்பண்டம் தர மறுத்த கடைக்காரர் ஊர்க் கட்டுப்பாடு என்று காரணமும் சொன்னார்; அது வீடியோவில் பதிவாகியிருந்தது. கட்டுப்பாடு என்ற பேச்சு வந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(இசட்சி), அதாவது புறக்கணிப்புக் குற்றத்தையும் கேளுங்கள். வீடியோ எடுத்த போனை அப்படியே வைத்திருங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய நகல் சுருங்கிப்போகும், எடுத்த நேரத்தின் விவரமும் அதில் தங்காது.

ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர் ரசீதோடு, அதாவது புகார் வாங்கியதற்கான சீட்டோடு, அனுப்பப் பார்ப்பார்கள். அது எஃப்.ஐ.ஆர் ஆகாது. 'விசாரித்துவிட்டுப் பதிகிறோம்' என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 18ஏ பிரிவைக் காட்டுங்கள்: முன்விசாரணை தேவையில்லை. பதிந்தால் நகல் இலவசம். மறுத்தால் அதே புகாரை எஸ்.பி.க்கு ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். 14566 என்ற உதவி எண்ணிலும் பதியலாம். இந்தச் சட்டத்தில் பதிந்த வழக்கின் விசாரணை டி.எஸ்.பி. நிலையில் நடக்க வேண்டும். அதற்குள் சமாதானக் கடிதம் ஒன்று கையெழுத்துக்கு வரும். போடாதீர்கள்.