கொல்கத்தா ரேஸ் கோர்ஸுக்குப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

போன வாரம் நண்பர் ஒருவர் தன் கொல்கத்தா பயணத் திட்டத்தை அனுப்பியிருந்தார். மதியம் ரேஸ் கோர்ஸ், மாலையில் விக்டோரியா மெமோரியல். பார்த்ததும் பகீரென்றது, ஏனென்றால் பல வருடங்களுக்கு முன்னால் நான் போட்டதும் இதே திட்டம்தான். தொப்பி, தண்ணீர் பாட்டில் பற்றியெல்லாம் எழுதப் போவதில்லை, அது எல்லாருக்கும் தெரியும்.

கேட் திறந்திருந்தால் குதிரை ஓடும் என்று நம்புவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. அப்பாவுக்குக் குதிரைப் பந்தயம் என்றால் உயிர். மைதானத்தில் 1820ல் அமைத்த அந்த ஓடுதளத்தை ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். ஒரு நாளுக்கு மேல் ரயிலில் உட்கார்ந்து போய்ச் சேர்ந்தோம். தங்கிய இடத்தில் விசாரித்தால், "இன்றைக்கு ரேஸ் உண்டு" என்றார்கள். கேட் திறந்திருந்தது, டிக்கெட் கொடுத்தார்கள், உள்ளே நல்ல கூட்டம், கவுன்ட்டரில் வரிசை. ஆனால் எல்லாரும் டிவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பந்தயம் நடந்தது பெங்களூரில். அப்பா வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெறும் புல்லையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த நேரடிப் பந்தயம் நாங்கள் ஊர் திரும்பும் தேதிக்கு அப்புறம்தான்.

இதற்கு இன்டர்வென்யூ என்று பெயர். வேறு ஊரில் ஓடும் பந்தயத்துக்கு இங்கே திரையைப் பார்த்துப் பணம் கட்டுவது. பணம் கட்ட வருபவருக்கு அதுவும் ரேஸ் நாள்தான், குதிரையைப் பார்க்கப் போகும் நமக்கு இல்லை. அதனால் "ரேஸ் உண்டா?" என்று கேட்காதீர்கள், "கொல்கத்தா டிராக்கிலேயே குதிரை ஓடுகிறதா?" என்று கேளுங்கள். சீசன் மழைக்காலத்திலும் குளிர்காலத்திலும்தான், அதிலும் எல்லா நாளும் கிடையாது. இங்கே பந்தயம் நடத்தும் ராயல் கல்கத்தா டர்ஃப் கிளப்பின் காலண்டரில் தேதியை உறுதி செய்த பிறகே ரயில் டிக்கெட் போடுங்கள், ஒருபோதும் மாற்றிச் செய்யாதீர்கள். நண்பரிடம் இதைத்தான் முக்கால் மணி நேரம் போனில் சொன்னேன்.

பேடாக்கைத் தவற விடுவது

1,400 மீட்டர் பந்தயம் ஒன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அடுத்ததற்கு ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் கேலரியிலேயே உட்கார்ந்திருக்காமல், பந்தயத்துக்கு முன் குதிரைகளை நடத்திக் காட்டும் இடமான பேடாக்குக்குப் போய் நில்லுங்கள். குதிரைகளைக் கைக்கெட்டும் தூரத்தில் நடத்திக்கொண்டு போவார்கள். கழுத்து வியர்வை, சத்தம் வரும் பக்கம் திரும்பும் காது, ஜாக்கி ஏறியதும் மாறும் நடை எல்லாம் அங்கேதான் தெரியும்.

நம் ஊர் மாலைக் கணக்கு

டிசம்பரில் கொல்கத்தாவில் ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். சென்னையில் அப்போது நல்ல வெயில் இருக்கும். கடைசிப் பந்தயம் முடிந்து விக்டோரியா மெமோரியலுக்கு ஓடினால் அந்த வெள்ளைச் சலவைக்கல்லையும், குவிமாடத்தின் மேல் நிற்கும் வெண்கலத் தேவதையையும் இருட்டில்தான் தேட வேண்டும். அதைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள், மதியம் பந்தயத்துக்கு வந்தால் போதும்.

திங்கட்கிழமை

விக்டோரியா மெமோரியல் அருங்காட்சியகம் அன்று விடுமுறை.

செயின்ட் பால்ஸ் கதீட்ரலை விட்டுவிடுவது

விக்டோரியாவிலிருந்து நடக்கிற தூரம்தான். ராயல் கல்கத்தா டர்ஃப் கிளப் தொடங்கிய அதே 1847ல்தான் இதையும் கட்டி முடித்தார்கள். கோபுரம் மட்டும் 1934 நிலநடுக்கத்துக்குப் பிறகு புதிதாகக் கட்டியது. உள்ளே போய்ப் பத்து நிமிடமாவது உட்காருங்கள்.