கெயின் 40 டெசிபெல் வரவேண்டிய இடத்தில் மைனஸ் 140

ஆப்-ஆம்ப் என்னும் பெருக்கிச் சிப்பை வைத்த சாதாரண இன்வெர்ட்டிங் ஆம்ப்ளிஃபையர்தான், அதாவது சிக்னலைத் தலைகீழாக்கிப் பெருக்கும் சர்க்யூட். இன்புட்டில் 10 கிலோஓம் ரெசிஸ்டர், அவுட்புட்டிலிருந்து திரும்பி வரும் ஃபீட்பேக்கில் 1 மெகாஓம். கெயின், அதாவது பெருக்கும் மடங்கு, இந்த இரண்டின் விகிதமான 100; டெசிபெல் கணக்கில் 40. சர்க்யூட்டைக் கணினியில் சோதிக்கும் ஸ்பைஸ் மென்பொருளில் ஏசி அனாலிசிஸ் (அதிர்வெண்வாரியாகக் கெயினைப் பார்க்கும் சோதனை) ஓட்டினால் கெயின் கோடு மைனஸ் 140-இல் படுத்துக் கிடந்தது.

முதலில் ஆப்-ஆம்ப் மாடல் மேல்தான் சந்தேகம். இரண்டு முறை மாற்றினேன், பலனில்லை. டிசி ஆபரேட்டிங் பாயின்ட்டிலும் (சிக்னல் இல்லாதபோதுள்ள வோல்டேஜ்கள்) துப்பு கிடைக்கவில்லை. இன்புட் பூஜ்ஜியம், அவுட்புட்டும் பூஜ்ஜியம், எல்லாம் ஒழுங்காகவே தெரிந்தது. ஏசி சோர்ஸின் வீச்சும் 1 வோல்ட்தான்.

கடைசியில் கணக்கைத் தலைகீழாகப் போட்டேன். மைனஸ் 140 டெசிபெல் என்றால் ஒரு கோடியில் ஒரு பங்கு. அதை இன்புட்டின் 10 கிலோஓமால் பெருக்கினால் ஃபீட்பேக் 0.001 ஓம். அட, மில்லிஓம்!

ஃபீட்பேக் மதிப்பை ‘1எம்’ (1M) என்று போட்டிருந்தேன். ஸ்பைஸுக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் கிடையாது. எம் என்றால் மில்லிதான். மெகாவுக்கு ‘மெக்’ (MEG) என்று மூன்றெழுத்தும் அடிக்கவேண்டும். ரெசிஸ்டர் வைத்ததாக நினைத்த இடத்தில் வெறும் கம்பியைப் போட்டிருக்கிறேன். புத்தகத்தில் படித்த விஷயம்தான், கைக்கு வரவில்லை.

திருத்தியதும் 40 வந்தது. ஆனால் 100 கிலோஹெர்ட்ஸில் 37 ஆக இறங்கியது. அது பிழையல்ல: மாடலின் கெயின்-பேண்ட்விட்த் (கெயினையும் அதிர்வெண் எல்லையையும் பெருக்கினால் வரும் எண்) 10 மெகாஹெர்ட்ஸ், நாய்ஸ் கெயின் 101-ஆல் (100 கூட்டல் 1) வகுத்தால் சுமார் 99 கிலோஹெர்ட்ஸ்; அங்கே கெயின் 3 டெசிபெல் இறங்குவது இயல்பு. அதை அப்படியே விட்டுவிட்டேன்.