மொரிஷியஸில் மின்சாரக் கார்: வாங்குமுன் பார்க்க வேண்டியவையும் வாங்கியபின் பழக வேண்டியவையும்

மொரிஷியஸ் தீவு வடக்கு தெற்காக ஏறத்தாழ 65 கிலோமீட்டரும் கிழக்கு மேற்காக 45 கிலோமீட்டரும்தான். ரோஸ் ஹில்லிலிருந்து கிராந்த் பே கடற்கரைக்குப் போய்த் திரும்பினாலும் எழுபது கிலோமீட்டர் அளவில் பயணம் முடிந்துவிடும். ஆகவே, ‘ஒரு சார்ஜில் எவ்வளவு தூரம் ஓடும்’ என்ற கேள்வி பெரிய நாடுகளில் பெறும் முதன்மையை இங்கே பெறத் தேவையில்லை. 40 யூனிட் (கிலோவாட்-மணி) கொள்ளளவுள்ள ஒரு சாதாரண பேட்டரி, அலுவலகத்திற்குச் சென்று வருபவரின் இரண்டு மூன்று நாள் ஓட்டத்தைத் தாங்கும். இங்கே முதலில் கேட்க வேண்டியது வேறு: இரவில் அந்தக் கார் நிற்கும் இடத்தில் உங்கள் மின்மீட்டரோடு இணைந்த, நம்பத்தக்க ஒரு சாக்கெட் இருக்கிறதா? இதற்கு ‘ஆம்’ என்று சொல்லக்கூடியவருக்கு மின்சாரக் கார் பெட்ரோல் காரைவிட எளிதான வாழ்க்கையைத் தரும். ‘இல்லை’ என்று சொல்பவர், அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது நிறுத்துமிடத்தையோ தெருவோரத்தையோ நம்பியிருப்பவர், இப்போதைக்குப் பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்த ஒரு ஹைப்ரிட் காரை வாங்குவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. வாரந்தோறும் பொதுச் சார்ஜரைத் தேடிப்போய்க் காத்திருப்பது, சேமிக்கும் பணத்தைவிட அதிகமான பொறுமையைக் கேட்கும்.

கூட்டுக் குடும்பங்களில் இன்னொன்றையும் முன்கூட்டியே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். அப்பா கட்டிய வீட்டின்மேல் அண்ணன் ஒரு மாடியும் தம்பி ஒரு மாடியுமாகக் கட்டி ஒரே முற்றத்தில் வாழும் குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. கார் நிற்குமிடத்திலுள்ள சாக்கெட் யாருடைய மீட்டரில் ஓடுகிறது என்பதைத் தெளிவாக்கிக்கொண்டு, அது உங்களுடையதாக இல்லையெனில் அதற்குத் தனியாக ஒரு சிறு துணைமீட்டரைப் பொருத்திவிட்டால் பின்னாளில் மனக்கசப்பு வராது.

செலவைக் கணக்கிடும் முறை

மின்சாரக் கார் மலிவா என்று கேட்பவர்களில் பலர் கணக்கை ஒரே இடத்தில் தவறவிடுகிறார்கள். மத்திய மின்சார வாரியத்தின் வீட்டுக் கட்டணம் படிப்படியாக உயரும் அடுக்குமுறையில் அமைந்தது. முதல் யூனிட்டுகள் மலிவாகவும், கடைசி யூனிட்டுகள் மிக விலையுயர்ந்தும் இருக்கும். கார் எடுத்துக்கொள்ளும் மின்சாரம் வீட்டு நுகர்வின் மேல் ஏறி உட்காருவதால், அதற்குப் பொருந்துவது உங்கள் பில்லின் சராசரி விலை அல்ல, கடைசி அடுக்கின் விலை. பில்லைக் கையில் எடுத்து அந்தக் கடைசி அடுக்கின் விலையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு சிறிய அல்லது நடுத்தர மின்சாரக் கார் நூறு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 15 யூனிட் செலவழிக்கும். சார்ஜ் ஏறும்போது வெப்பமாக வீணாகும் பகுதியையும் சேர்த்தால் மீட்டரில் 17 யூனிட் அளவில் ஓடும். அதே அளவுள்ள பெட்ரோல் கார், போர்ட் லூயிஸுக்கும் கியூர்பிப்புக்கும் இடைப்பட்ட காலை நெரிசலில், நூறு கிலோமீட்டருக்கு 7 லிட்டர் குடிக்கும் என்று கொள்ளலாம். 17 யூனிட்டைக் கடைசி அடுக்கின் விலையாலும், 7 லிட்டரைப் பெட்ரோல் நிலைய விலையாலும் பெருக்கிப் பாருங்கள். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு இதைப் பத்தால் பெருக்கினால் போதும். எரிபொருள் விலை தீவு முழுவதும் ஒன்றாகவே நிர்ணயிக்கப்படுவதால், எந்த ஊரில் இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

காரின் விலையைப் பொறுத்தவரை, வரிச்சலுகை என்பது ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் வரும் வரவுசெலவுத் திட்டத்தோடு மாறக்கூடியது. 2022இல் தனியார் வாங்கும் மின்சாரக் கார்களுக்குக் கார் மதிப்பில் 10 விழுக்காட்டை, 2,00,000 ரூபாய் உச்சவரம்போடு, அரசு திருப்பித் தரும் திட்டம் வந்தது. பிறகு விதிகள் மாறின. நண்பர் சொன்ன பழைய சலுகையை நம்பி முன்பணம் கட்டாமல், பதிவு செய்யும் நாளில் நடப்பிலிருக்கும் வரி என்ன என்பதை விற்பனையாளரிடம் எழுத்தில் பெறுங்கள்.

சுற்றுச்சூழலுக்காகவே வாங்க நினைப்பவர்களிடம் ஓர் உண்மையை மறைக்கக் கூடாது. நம் தீவின் மின்சாரத்தில் பெரும்பகுதி கனரக எண்ணெயிலும் நிலக்கரியிலும் பிறக்கிறது. கரும்பு அறுவடைக் காலத்தில்தான் கரும்புச் சக்கை அதில் குறிப்பிடத்தக்க பங்கு பெறுகிறது. 7 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 16 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளிவரும். 17 யூனிட்டும் நிலக்கரியிலிருந்தே வந்தால் அதற்கும் ஏறத்தாழ அதே அளவுதான். நகரத் தெருவில் புகை இல்லாமற்போவது பெரிய நன்மைதான், ஐயமில்லை. ஆனால் கரிவாயுவில் உண்மையான மிச்சம் வேண்டுமென்றால் கூரையில் சூரியத் தகடு வேண்டும். நம் வெயிலில் ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்கு நான்கு யூனிட் அளவில் தரும். மூன்று கிலோவாட் இருந்தால் எழுபது கிலோமீட்டர் ஓட்டத்திற்கு அது போதும். பகலில் கார் வீட்டில் நிற்கும் ஓய்வுபெற்றவர்களுக்கும், பிற்பகலிலேயே வீடு திரும்பும் ஆசிரியர்களுக்கும் இது மிகப் பொருத்தமானது.

வீட்டில் சார்ஜ் செய்தல்

பெரிய சுவர்ச் சார்ஜர் இல்லாமல் முடியாது என்று விற்பனையாளர்கள் சொல்வதுண்டு. நம் தூரங்களுக்கு அது பெரும்பாலும் தேவையில்லை. 230 வோல்ட்டில் 10 ஆம்பியர் எடுக்கும் ஒரு சாதாரணச் சார்ஜிங் கேபிள், இரவு பத்து மணி நேரத்தில் 23 யூனிட் தரும்; இழப்பு போக, நூற்றுமுப்பது கிலோமீட்டர் ஓடலாம். ஆனால் சதுர முனைகள் கொண்ட நம் மூன்று முனைச் சாக்கெட்டுகள், மின்கெட்டில் போலச் சில நிமிடங்கள் ஓடும் கருவிகளுக்காகப் பொருத்தப்பட்டவை. பத்து மணி நேரம் தொடர்ந்து சுமை இழுக்கும்போது தளர்ந்த இணைப்புகள் சூடேறி உருகும். எனவே பதிவுபெற்ற மின்பணியாளரை அழைத்து, மின்பலகையிலிருந்து காருக்கென்றே தனிக் கம்பி இழுத்து, தனி பிரேக்கரும், மின்கசிவைக் கண்டவுடன் துண்டிக்கும் கருவியும் பொருத்தச் சொல்லுங்கள். பழைய வீடுகளில் எர்த் இணைப்பு அறுந்தோ அரித்தோ போயிருக்கும். அதை அளந்து பார்க்கச் சொல்லுங்கள், ஏனெனில் எர்த் சரியில்லையென்றால் பல கார்கள் சார்ஜை ஏற்கவே மறுத்துவிடும்.

முதல் இரவில் ஒரு மணி நேரம் கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இயல்பு, கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே நிறுத்திவிட்டு மின்பணியாளரைக் கூப்பிடுங்கள். சுருட்டி வைத்த எக்ஸ்டென்ஷன் கேபிளை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தக் கூடாது. மாலையில் சமையல், வெந்நீர், ஏசி எல்லாம் ஒருசேர ஓடும் வேளையைத் தவிர்த்து, காரிலுள்ள டைமரை இரவு பத்து மணிக்குமேல் தொடங்கும்படி வைத்துவிடுங்கள்.

எவ்வளவு நிரப்புவது என்பது பேட்டரியின் வகையைப் பொறுத்தது. இரும்பு பாஸ்பேட் வகைப் பேட்டரியை வாரம் ஒருமுறையாவது முழுமையாக, 100 விழுக்காடு வரை, நிரப்புவது நல்லது. அப்போதுதான் காரின் திரை காட்டும் சார்ஜ் அளவு சரியாக இருக்கும். நிக்கல், கோபால்ட் கலந்த வகைகளை அன்றாடம் 80 விழுக்காட்டில் நிறுத்தி, நீண்ட பயணத்திற்கு முன்பு மட்டும் முழுமையாக நிரப்பினால் ஆயுள் கூடும். உங்கள் காரில் இருப்பது எது என்பதைக் கையேட்டில் பார்த்துவிடுங்கள்.

மேட்டிலும் தாழ்விலும் ஓட்டுதல்

பெட்ரோல் காரில் பழகியவர் முதலில் உணர்வது, நெரிசலில் கார் ஏறத்தாழ எதையும் செலவழிப்பதில்லை என்பதைத்தான். தைப்பூசத்தன்று குவாத்ர் போர்னில் மலைக்கோயிலுக்குச் செல்லும் சாலைகளில் வாகனங்கள் ஊர்ந்து நகரும்போது, பெட்ரோல் எஞ்சின் நின்ற இடத்திலேயே எரிபொருளை எரித்துக்கொண்டிருக்கும். மின்சாரக் காரில் ஏசி மட்டுமே மணிக்கு ஒரு யூனிட் அளவில் எடுக்கும். முதியவர்களையும் குழந்தைகளையும் குளிர்ச்சியாக உட்காரவைத்துக் காத்திருக்க, புகையும் அதிர்வும் இல்லாத இந்த வண்டி மிகவும் ஏற்றது.

போர்ட் லூயிஸிலிருந்து கியூர்பிப்புக்கு ஏறத்தாழ 550 மீட்டர் உயரம் ஏற வேண்டும். 1,600 கிலோ எடையுள்ள கார் அந்த உயரத்தை ஏறுவதற்கு மட்டும் இரண்டரை யூனிட் அளவில் செலவழிக்கும். இறங்கும்போது மோட்டாரே மின்னாக்கியாக மாறி, காரின் வேகத்தையும் குறைத்து, அதில் பாதிக்குமேல் திருப்பித் தரும். இங்கே மேட்டுநிலத்தில் குடியிருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கியூர்பிப்பில் இரவு 100 விழுக்காடு நிரப்பிவிட்டுக் காலையில் நேரே கீழே இறங்கினால், திரும்பி வரும் மின்சாரத்தை ஏற்றுக்கொள்ளப் பேட்டரியில் இடம் இருக்காது; பழகிய இடத்தில் கார் தானே வேகம் குறையாமல், பிரேக்கை நீங்கள் வழக்கத்தைவிட அழுத்தமாக மிதிக்க வேண்டிவரும். 90 விழுக்காட்டில் நிறுத்துங்கள். சமாரெல் மலைச்சாலையில் இறங்குவோரும் இதை மறவாமலிருப்பது பாதுகாப்பு.

மோட்டாரே வேகத்தைக் குறைப்பதால் பிரேக் தகடுகள் ஆண்டுக்கணக்கில் தேயாமலிருக்கும். ஆனால் கடற்கரையூர்களின் உப்புக்காற்றில், பயன்படாத தகடு துருப்பிடிக்கும். வாரம் ஒருமுறை வெறிச்சோடிய சாலையில் சில தடவை அழுத்திப் பிரேக் பிடித்தால் துரு கழன்றுவிடும். நடைபாதையில்லாத ஊர்ச்சாலைகளில், பின்னால் வரும் மின்சாரக் காரை நடப்பவர் கேட்பதில்லை என்பதையும் ஓட்டுநர் மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

ஜப்பானிலிருந்து வரும் பழைய கார்கள்

நம் சந்தையில் ஜப்பானியப் பழைய கார்கள் மிகுதி. மின்சாரக் கார்களில் நிஸ்ஸான் லீஃப் அவற்றுள் முன்னிற்பது. விலை கவர்ச்சியாக இருக்கும். சோதனையின்றி வாங்கக் கூடாது. இந்தப் பழைய லீஃப்களின் பேட்டரிக்கு நீரால் குளிர்விக்கும் அமைப்பு கிடையாது, ஆகவே வெப்பம் பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும். வேகமானிக்கருகே வலப்பக்கத்தில் தெரியும் பன்னிரண்டு சிறு கோடுகளைப் பாருங்கள். முதல் கோடு மறைந்திருந்தால் பேட்டரி தன் கொள்ளளவில் ஏறத்தாழ 15 விழுக்காட்டை இழந்துவிட்டது என்று பொருள், அதன்பின் மறையும் ஒவ்வொரு கோட்டிற்கும் ஆறு விழுக்காட்டிற்குச் சற்று மேல். கோடுகளை மட்டும் நம்பாமல், காரின் கணினித்துளையில் செருகும் சிறு கருவியால் பேட்டரி நலத்தை அளந்து காட்டச் சொல்லுங்கள். மறுக்கும் விற்பனையாளரை விட்டு விலகுங்கள்.

அடுத்து, சார்ஜ் துளையின் வடிவத்தைப் பாருங்கள். ஜப்பானிய லீஃப்பில் விரைவுச் சார்ஜுக்கு ‘சாடெமோ’ என்ற வடிவமும், மெதுச் சார்ஜுக்கு ‘டைப் 1’ வடிவமும் இருக்கும். ஐரோப்பிய முறையில் வரும் புதிய கார்களில் இருப்பது ‘டைப் 2’வும் ‘சிசிஎஸ்’ஸும். நீங்கள் வழக்கமாகப் போகும் கடைத்தொகுதியின் சார்ஜர் உங்கள் காருக்குப் பொருந்துமா என்று நேரில் போய்ப் பார்த்தபின் வாங்குங்கள். காரோடு வரும் ஜப்பானியக் கேபிளுக்கும் நம் சாக்கெட்டுக்கும் இடையில் மலிவு அடாப்டர் செருகுவது ஆபத்து. 230 வோல்ட்டுக்கென்றே செய்த கேபிளை வாங்குங்கள்.

பராமரிப்பு

எஞ்சின் ஆயில், கிளட்ச், டைமிங் பெல்ட், புகைக்குழாய் ஆகியவை இல்லை. டயர், பிரேக் திரவம், ஏசி வடிகட்டி ஆகியவை வழக்கம்போல் உண்டு. எடை அதிகமாதலால் டயர் சற்று விரைவாகத் தேயலாம். பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் சிறிய 12 வோல்ட் பேட்டரி செத்துவிட்டால் கதவு திறப்பதே சிக்கலாகும் என்பதால், அதை ஆண்டுதோறும் சோதியுங்கள். டீசல் கார் வைத்திருப்பவருக்கு ஒரு சொல்: அதன் புகைத்துகள் வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்துகொள்ள நெடுஞ்சாலையில் நீண்ட நேரம் ஓட வேண்டும், நம் தீவின் குறுந்தூர, நெரிசல் ஓட்டத்தில் அது அடைத்துக்கொண்டு செலவு வைக்கும். சிறு தூரம் மட்டுமே ஓட்டும் குடும்பத்திற்கு மின்சாரம், பெட்ரோல், டீசல் ஆகிய மூன்றில் மிகப் பொருந்தாதது டீசல்தான்.

புயலும் வெள்ளமும்

நவம்பர் முதல் மே வரையிலான புயற்பருவத்தில், முதல் வகுப்பு எச்சரிக்கை (புயல் எச்சரிக்கைப் படிகளில் முதலாவது) வந்த உடனேயே காரை நிரப்பிவிடுங்கள். புயலுக்குப்பின் மின்சாரம் நாட்கணக்கில் வராமலிருக்கலாம். பெட்ரோல் வாங்க வரிசையில் நிற்பது போல மின்சாரத்திற்கு நிற்க வழியில்லை. எம்ஜி 4, ஹூண்டாய் அயோனிக் 5, பிஒய்டி அட்டோ 3 போன்ற சில கார்களிலிருந்து வீட்டுக் கருவிகளுக்கு நேரே மின்சாரம் எடுக்க முடியும். அதற்குரிய அடாப்டர் இருந்தால் குளிர்பெட்டியும் விளக்கும் ஓரிரு நாள் ஓடும். அதை வீட்டுச் சுவர்ச் சாக்கெட்டில் செருகித் தலைகீழாக மின்சாரம் பாய்ச்ச முயலவே கூடாது. லைன் சீர்செய்யும் தொழிலாளியின் உயிருக்கு அது ஆபத்து. காற்று வலுக்கும் முன்பே சார்ஜிங் கேபிளைக் கழற்றி உள்ளே வைத்துவிடுங்கள்.

2024 ஜனவரி 15 அன்று பெலால் புயல் கொணர்ந்த மழையில் போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்து சென்றதை நாமெல்லாம் பார்த்தோம். மின்சாரக் காரின் பேட்டரி நீர் புகாதபடி மூடப்பட்டிருந்தாலும், வெள்ளத்தில் நீடித்து மூழ்கினால், குறிப்பாகக் கடல்நீர் கலந்திருந்தால், சில நாட்கள் கழித்துக்கூடத் தீப்பற்ற வாய்ப்புண்டு. அப்படி மூழ்கிய காரை இயக்கிப் பார்க்காதீர்கள், சார்ஜில் போடாதீர்கள், வீட்டோடு ஒட்டிய நிறுத்துமிடத்தில் விடாதீர்கள். வீட்டிலிருந்தும் பிற வாகனங்களிலிருந்தும் தள்ளித் திறந்தவெளியில் நிறுத்தச் செய்து, காப்பீட்டாளருக்கு ‘இது மின்சாரக் கார், நீரில் மூழ்கியது’ என்று தெளிவாகச் சொல்லி, நான்கு சக்கரங்களும் தரையில் படாமல் ஏற்றிச் செல்லும் தட்டையான லாரியை அனுப்பக் கேளுங்கள்.