டீச்சர்ஸ் ஸ்டடி குரூப் ஆரம்பிச்சு அத நிஜமான ஆராய்ச்சியா நடத்துறது எப்படி

ஸ்டடி குரூப் ஆரம்பிக்கிற நிறைய பேரு முதல்ல தேடுறது படிக்க ஒரு புத்தகமோ கட்டுரையோ தான், ஆனா அப்படி ஆரம்பிச்சா கொஞ்ச நாள்லயே ஆள் வர்றது குறைஞ்சிடும். அதனால பசங்க நோட்டுல இருந்து ஆரம்பிங்க. "கணக்குல ஆர்வத்த எப்படி வளக்குறது" மாதிரி பெரிய கேள்வி வேலைக்கு ஆகாது, "பின்னம் கூட்டும்போது பசங்க ஏன் மேல உள்ளத மேலயும் கீழ உள்ளத கீழயும் கூட்டிடுறாங்க"ன்னு கேளுங்க, அதுக்கு ஆதாரம் நோட்டுலயே கிடக்கு.

அஞ்சாறு பேர் போதும். எல்லாரும் ஒரே பாடம் எடுக்கிறவங்களா இருந்தா நல்லது.

மீட்டிங்குக்கு ஆளுக்கு மூணு நாலு நோட்டு, பசங்க பேர மறைச்சு கொண்டு வாங்க. முதல் பத்து நிமிஷம் யாரும் காரணம் சொல்லக்கூடாது, கண்ணுல பட்டத மட்டும் சொல்லணும். "கவனமில்லாம போட்டிருக்கான்"ங்கிறது தீர்ப்பு. "1/2 + 1/3 = 2/5னு எழுதியிருக்கான், அடுத்த ரெண்டு கணக்குலயும் அதே வழி தான்"ங்கிறது பார்த்தது. இந்த வித்தியாசம் பழகிட்டாலே குரூப் பாதி தேறிடுச்சுன்னு வைங்க, ஏன்னா ஒரே தப்ப மூணு தடவை ஒரே மாதிரி பண்ற பையன் கவனமில்லாதவன் இல்ல, அவன்கிட்ட ஒரு விதி இருக்கு.

அப்புறம் தான் "ஏன்". புத்தகம், கட்டுரை எல்லாம் இப்போ எடுங்க, கேள்வி கையில இருக்கும்போது படிச்சா தான் மண்டையில ஏறும்.

அடுத்து ஒரே ஒரு சின்ன மாற்றம் முடிவு பண்ணுங்க. கணக்கு போடுறதுக்கு முன்னாடியே "விடை அரைய விட பெருசா வருமா சின்னதா வருமா"ன்னு கேக்கலாம், 2/5 அரைய விட சின்னது, கூட்டினா எப்படி குறையும்னு பையனே யோசிப்பான். எல்லாரும் இதையே அவங்கவங்க கிளாஸ்ல செஞ்சு பாத்து, முன்னாடி எழுதின நோட்டையும் பின்னாடி எழுதினதையும் கொண்டு வரணும், மாறாத பசங்களோடதையும் சேர்த்து. நல்லா வந்தத மட்டும் காட்டினா அது ஆராய்ச்சியே இல்ல.

திட்டம் போட்டு, செஞ்சு, பாத்து, திரும்ப திட்டம் போடுற இந்த முறைய குர்ட் லெவின்ங்கிற உளவியலாளர் 1946லயே செயல் ஆராய்ச்சின்னு எழுதி வச்சிட்டாரு. ஜப்பான்ல டீச்சர்ஸ் சேர்ந்து ஒரு பாடத்த திட்டமிட்டு, ஒருத்தர் எடுக்க மத்தவங்க உக்காந்து பாப்பாங்க, அவங்க கவனம் பசங்க எப்படி யோசிக்கிறாங்கங்கிறதுல இருக்கும். நீங்களும் அடுத்தவங்க கிளாஸுக்குப் போனா டீச்சருக்கு மார்க் போடாதீங்க, ரெண்டு பசங்கள மட்டும் கடைசி வரைக்கும் கவனிங்க. ஹெட்மாஸ்டர் வர்றதா இருந்தாலும் அவரும் நோட்டோட தான் வரணும், மதிப்பீடு பண்ண வந்தார்னா எல்லாரும் நல்ல நோட்டா பாத்து எடுத்துட்டு வர ஆரம்பிச்சிடுவாங்க.

யுனிவர்சிட்டி ஆராய்ச்சியாளர் யாராவது சேர்றதா இருந்தா கேள்வி முடிவு பண்ற கட்டத்துலயே கூப்பிடுங்க, டேட்டா வாங்கிட்டுப் போறதுக்கு மட்டும் வேண்டாம். பசங்க எழுதினத வெளியில போடுறதுக்கு பெற்றோர் அனுமதி கண்டிப்பா வேணும்.

ஒவ்வொரு சுற்று முடிஞ்சதும் ஒரு பக்கம் எழுதி வைங்க: என்ன கேட்டோம், என்ன செஞ்சோம், எந்த மாதிரி பசங்களுக்கு மாறுச்சு, யாருக்கு மாறல. இன்னொரு டீச்சர் அத படிச்சிட்டு மறுநாளே தன் கிளாஸ்ல செஞ்சு பாக்குற அளவுக்கு விவரமா இருக்கணும்.