பழைய ஆள்கூறுகளை எஸ்எல்டி 99-க்கு மாற்றுவது எப்படி?

இலங்கையில் ஒரே காணிக்கு இரண்டு விதமான ஆள்கூறுகள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று கந்தவல டேட்டத்தில் (டேட்டம் என்பது ஆள்கூறுகளை எதிலிருந்து அளப்பது என்று சொல்லும் அடிப்படை) அமைந்த பழைய கட்டம் (இது நீர்கொழும்புப் பக்கத்துக் கந்தவல, கிளிநொச்சிக் கண்டாவளை அல்ல). மற்றது, 1999-இல் நில அளவைத் திணைக்களம் ஜிபிஎஸ் அளவீடுகளைக் கொண்டு நாடு முழுவதற்கும் கொண்டுவந்த எஸ்எல்டி 99 (இலங்கை டேட்டம் 1999). புதிய வேலையை இரண்டாவதில் மட்டுமே செய்யுங்கள். கியூஜிஐஎஸ் (வரைபட மென்பொருள்) இருக்கிறது, அதில் சிஎஸ்வி கோப்பைத் திறக்கத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

1. கையில் இருப்பது எது?

இரண்டு கட்டங்களுக்கும் தொடக்கப் புள்ளி பீதுருதலாகலை. பழையதில் அதன் எண் 200,000, 200,000. புதியதில் 500,000, 500,000. கிழக்கு எண்ணை மட்டும் பாருங்கள். 350,000-க்குக் கீழே என்றால் பழையது, மேலே என்றால் புதியது. தீவின் அகலம் குறைவு என்பதால் இவை எங்கேயும் கலக்காது. வடக்கு எண்ணை நம்ப முடியாது: யாழ்ப்பாணத்தின் பழைய வடக்கு எண் 495,000 அளவில் வரும், புதிய கட்டத்தில் அது நுவரெலியாவின் அகலக்கோடு! 300,000 கூட்டினால் போதுமே என்பார்கள். போதாது. பழைய முக்கோண அளவையின் பிழை இடத்துக்கு இடம் வேறுபடும்.

2. கியூஜிஐஎஸ்

பழைய லேயருக்கு இபிஎஸ்ஜி 5234 (பழைய கட்டத்தின் குறியீட்டு எண்) கொடுங்கள். அது பெயர் ஒட்டுவது மட்டும்தான், எண்கள் மாறாது. அப்புறம் ஏற்றுமதி செய்யும்போது எஸ்எல்டி 99 கட்டத்தின் எண்ணான 5235-ஐத் தெரிவு செய்யுங்கள், அப்போதுதான் மாறும்.

3. கருவியில் போடும்போது

இங்கேதான் நான் நீண்ட நேரம் மாட்டிக்கொண்டேன், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். ஜிபிஎஸ் கருவியின் கன்ட்ரோலர் ஏழு எண்கள் கேட்கும். எஸ்எல்டி 99-இலிருந்து டபிள்யூஜிஎஸ் 84-க்கு (ஜிபிஎஸ் பயன்படுத்தும் உலக டேட்டம்) போக, நகர்வு −0.293, 766.95, 87.713 மீட்டர், சுழற்சி 0.1957, 1.6951, 3.4730 விநாடி, அளவு −0.0393 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு). இந்தக் குறிகள் 'பொசிஷன் வெக்டர்' முறைக்கு உரியவை. உங்கள் கருவி 'கோஆர்டினேட் ஃபிரேம்' முறையில் கேட்டால் மூன்று சுழற்சிகளின் குறியையும் மாற்றிப் போட வேண்டும். மாற்றாமல் விட்டால் எந்தப் பிழைச் செய்தியும் வராது, புள்ளி மட்டும் கிழக்கு மேற்காக ஏறக்குறைய 200 மீட்டர் தள்ளி விழும். காரணம் அந்த 3.473 விநாடிதான்: பூமியின் ஆரத்தில் அது நூறு மீட்டருக்குச் சற்று மேல், குறி மாறினால் இரட்டிப்பு. சில கருவிகள் எதிர்த்திசையில் கேட்கும், அப்படியென்றால் ஏழு எண்களின் குறியும் மாறும். எதைப் போட்டாலும் தெரிந்த ஒரு கட்டுப்பாட்டுப் புள்ளியில் நின்று சரிபார்க்காமல் வேலையைத் தொடங்க வேண்டாம்.

போனில் ஆள்கூறு மாற்றும் செயலிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன், எந்த எண்களை வைத்து மாற்றுகிறது என்று பலவும் காட்டுவதில்லை. வெளியில் டபிள்யூஜிஎஸ் 84-இலேயே பதிந்துகொண்டு, வந்து கியூஜிஐஎஸ்ஸில் மாற்றுங்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்துச் செய்தவர்கள், கடற்கரையில் உயரம் −90 மீட்டருக்கும் கீழே காட்டுகிறதே, பிழையா என்று கேட்கிறார்கள். பிழையில்லை. கருவி தருவது நீள்வட்டத்திண்மத்திலிருந்து (பூமிக்குப் பதிலாகக் கணக்கில் கொள்ளும் வழவழப்பான வடிவம்) உயரம், இலங்கையைச் சுற்றிக் கடல் மட்டம் அதற்கு அவ்வளவு கீழே இருக்கிறது. எஸ்எல்டி 99 கிடைநிலைக்கு மட்டும்தான். உயரம் தேவையென்றால் அருகிலுள்ள பெஞ்ச்மார்க்கிலிருந்து (உயரம் தெரிந்த நிலையான குறி) லெவலிங் (உயர வேறுபாட்டை அளத்தல்) செய்து கொண்டுவாருங்கள்.