ஜே-1 விசாவில் அமெரிக்கா போகிறவர்கள் டிஎஸ்-7002 என்ற பயிற்சித் திட்டப் படிவத்தை முதலில் படியுங்கள்

"அமெரிக்காவில் ஒரு வருஷம் டிரெய்னிங், சம்பளமும் உண்டு" என்று யாராவது சொன்னால் அவர்கள் பெரும்பாலும் ஜே-1 விசாவைத்தான் சொல்கிறார்கள். இது பரிமாற்ற விசா, வேலை விசா இல்லை. இந்த வித்தியாசம் புரியாமல் கிளம்புகிறவர்கள்தான் அங்கே போனபிறகு, பயிற்சி என்று சொல்லிக் கூட்டிவந்து பாத்திரம் கழுவ விட்டுவிட்டார்கள் என்று வீட்டுக்கு ஃபோன் போட்டுப் புலம்புகிறார்கள்.

சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு இன்னொரு கதவும் இருக்கிறது, அதைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை. சிங்கப்பூர்-அமெரிக்கத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தின்படி 2004 முதல் எச்-1பி1 என்று ஒரு வேலை விசா, ஆண்டுக்கு 5,400 இடங்கள், சிங்கப்பூரர்களுக்கு மட்டும். பட்டமும் அதற்கேற்ற வேலையும் கையில் இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். கற்றுக்கொள்ளத்தான் போகிறீர்கள் என்றால் தொடர்ந்து படியுங்கள்.

ஜே-1-இல் பல பிரிவுகள் உண்டு, நமக்கு வேண்டியவை இரண்டு. கல்லூரியில் இப்போது படிப்பவர்களும், படிப்பு முடித்து 12 மாதத்துக்குள் பயிற்சியைத் தொடங்குகிறவர்களும் இன்டர்ன்; அதிகபட்சம் 12 மாதம். டிரெய்னி என்றால் பட்டமோ தொழில் சான்றிதழோ இருக்க வேண்டும், கூடவே அமெரிக்காவுக்கு வெளியே அதே துறையில் ஒரு வருஷ வேலை அனுபவமும் வேண்டும். சான்றிதழ் இல்லாதவர்களுக்கு ஐந்து வருஷ அனுபவம். டிரெய்னிக்கு 18 மாதம் வரை கிடைக்கும், ஆனால் ஹோட்டல், சுற்றுலாத் துறைக்கு 12 மாதம்தான்.

இதில் நம் ஊர்ப் பையன்களுக்கு ஒரு சிக்கல். பலதுறைத் தொழிற்கல்லூரியில் டிப்ளோமா முடித்ததும் தேசிய சேவைக்குப் போகிறார்கள், இரண்டு வருஷம் கழித்து வெளியே வரும்போது அந்த 12 மாதக் கணக்கு எப்போதோ முடிந்திருக்கும். சேவையில் செய்த வேலை உங்கள் துறை சார்ந்ததாக இல்லாவிட்டால் அனுபவமாகவும் எண்ண மாட்டார்கள். ஆகவே ஒன்று, பல்கலைக்கழகத்தில் சேர்ந்து மாணவராக இன்டர்ன் பிரிவில் போகலாம். இல்லாவிட்டால் இங்கேயே துறையில் ஒரு வருஷம் வேலை பார்த்துவிட்டு டிரெய்னியாக விண்ணப்பிக்கலாம். இதைக் கணக்குப் போடாமல் ஏஜென்ட்டுக்குப் பணம் கட்டாதீர்கள்.

ஏஜென்ட் என்றதும் சொல்லிவிடுகிறேன். இதில் உண்மையில் அதிகாரம் உள்ளது ஸ்பான்சருக்கு மட்டும்தான், அதாவது அமெரிக்க வெளியுறவுத் துறை அங்கீகரித்த அமைப்பு. விசாவுக்கு அடிப்படையான டிஎஸ்-2019 படிவத்தை அதுதான் கொடுக்கும். நீங்கள் பயிற்சி எடுக்கப்போகும் ஹோட்டலோ நிறுவனமோ வேறு. அதை ஹோஸ்ட் என்பார்கள். இங்கே இருக்கும் ஏஜென்ட் நடுவில் ஆள் சேர்த்துவிடலாம், ஆனால் டிஎஸ்-2019 கொடுக்க அவரால் முடியாது. உங்கள் ஸ்பான்சர் யார் என்று கேளுங்கள், அந்தப் பெயர் வெளியுறவுத் துறையின் ஜே-1 இணையதளப் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே தேடிப் பாருங்கள். பெயரைச் சொல்லத் தயங்குகிற ஏஜென்ட்டிடம் மேற்கொண்டு பேச ஒன்றும் இல்லை.

சரி, இப்போது டிஎஸ்-7002. இது உங்கள் பயிற்சித் திட்டம். நீங்கள், ஸ்பான்சர், ஹோஸ்ட் மூன்று தரப்பும் கையெழுத்துப் போட வேண்டிய காகிதம். எந்தக் கட்டத்தில் எந்தப் பிரிவு, என்ன கற்றுக்கொள்வீர்கள், யார் மேற்பார்வை, எப்படி மதிப்பிடுவார்கள், எவ்வளவு கொடுப்பார்கள் என்று எல்லாம் அதில் இருக்கும். பலர் இதை ஏதோ சம்பிரதாயம் என்று நினைத்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். அங்கே போய்ச் சண்டை வந்தால் உங்கள் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் அதுதான்.

எப்படிப் படிப்பது? "சமையலறைப் பணிகளில் தேவைக்கேற்ப உதவுதல்" என்று ஒரே வரி 12 மாதத்துக்கும் எழுதியிருந்தால் அது பயிற்சி இல்லை, ஆள் பற்றாக்குறைக்கு உங்களை வைத்து அடைக்கிறார்கள். முதல் நான்கு மாதம் குளிர் உணவுப் பிரிவு, அடுத்த நான்கு மாதம் பேக்கரி, அப்புறம் விருந்து ஏற்பாடு, ஒவ்வொன்றிலும் இன்னின்ன கற்றுக்கொடுப்போம், இன்ன பதவியில் இருப்பவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்தால் அதில் யோசனை இருக்கிறது. ஹோட்டல் துறையில் ஆறு மாதமோ அதற்கு மேலோ பயிற்சி என்றால் குறைந்தது மூன்று பிரிவுகளில் சுற்றவிட வேண்டும் என்பது விதி. அலுவலக எழுத்தர் வேலை மொத்தத்தில் 20 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. வாரத்துக்குக் குறைந்தது 32 மணி நேரம் இருக்க வேண்டும். குழந்தை பராமரிப்பு, முதியோர் பராமரிப்பு, நோயாளியைத் தொட்டுச் செய்யும் வேலை எதுவும் இந்தப் பிரிவுகளில் கிடையாது, ஆகவே தாதியர் வேலைக்கு இந்த வழியில் அனுப்புகிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். திட்டம் பிடிக்கவில்லையென்றால் மாற்றி எழுதித் தரச் சொல்லிக் கேட்கலாம், தப்பே இல்லை. கேட்டதற்காகக் கோபித்துக்கொள்ளும் ஹோஸ்ட் போனபிறகு எப்படி இருப்பார் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

தங்குமிடம் ஹோஸ்ட் தருவதாக இருந்தால் அதற்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மாதம் இத்தனை அமெரிக்க வெள்ளி என்று கேட்கும்போது பெரிதாகத்தான் தெரியும், சான் ஃபிரான்சிஸ்கோ வாடகையைப் பார்த்தால்தான் கணக்குப் புரியும். சின்ன ஊராக இருந்தால் வாடகை குறைவு, ஆனால் எம்ஆர்டியும் இல்லை பஸ்ஸும் இல்லை, கார் இல்லாமல் மளிகை வாங்கக்கூடப் போக முடியாது.

செலவைப் பொறுத்தவரை, செவிஸ் (மாணவர்களையும் பரிமாற்றத்தில் வருபவர்களையும் அமெரிக்கா பதிவு செய்யும் முறை) கட்டணம் 220 அமெரிக்க வெள்ளி, விசா விண்ணப்பத்துக்கு 185. கட்டும்முன் அன்றைய கட்டணத்தைத் தூதரக இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஸ்பான்சர் கட்டணம்தான் பெரிய தொகை. காப்பீடு கட்டாயம்: ஒரு விபத்துக்கோ நோய்க்கோ குறைந்தது 1,00,000 அமெரிக்க வெள்ளிக்கு இருக்க வேண்டும். சில ஸ்பான்சர்கள் இதையும் கட்டணத்திலேயே சேர்த்திருப்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள்.

நேர்காணல் நேப்பியர் ரோட்டில் உள்ள அமெரிக்கத் தூதரகத்தில். தாம்சன் ஈஸ்ட் கோஸ்ட் பாதையில் நேப்பியர் ஸ்டேஷனில் இறங்கினால் பக்கம். 2025 ஜூன் முதல் ஜே விசாவுக்கு விண்ணப்பிப்பவர்கள் சமூக ஊடகக் கணக்குகளை எல்லாரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அதிகாரி கேட்பது பெரும்பாலும் இரண்டே விஷயம்: அங்கே என்ன கற்கப்போகிறீர்கள், முடிந்ததும் ஏன் திரும்பி வருவீர்கள். முதல் கேள்விக்குப் பதில் டிஎஸ்-7002-இல் இருக்கிறது, அதைச் சொந்த வார்த்தையில் சொல்லத் தெரிய வேண்டும். "வேலைக்குப் போகிறேன்" என்று வாய்தவறியும் சொல்லாதீர்கள், ஏனென்றால் நீங்கள் வேலைக்குப் போகவில்லை.

வேலை அனுமதி அட்டையில் இங்கே இருக்கும் இந்தியர்கள் சிங்கப்பூரில் வசிப்பவர் என்ற முறையில் இங்கேயே விண்ணப்பிக்கலாம். ஆனால் ராஜினாமா செய்ததும் அட்டை ரத்தாகிவிடும், ஆகவே விசா கைக்கு வந்தபிறகே வேலையை விடுங்கள். பயிற்சி முடிந்து இரண்டு வருஷம் சொந்த நாட்டில் இருந்தே ஆக வேண்டும் என்ற நிபந்தனை சிலருக்கு உண்டு. எந்த நாட்டுக்கு எந்தத் திறன் உள்ளவர்கள் தேவை என்று அமெரிக்கா வைத்திருக்கும் திறன் பட்டியலை வைத்து இந்தியர்களுக்கு வந்துகொண்டிருந்த அந்தத் தொல்லை 2024 டிசம்பரில் பட்டியலிலிருந்து இந்தியாவை எடுத்ததும் போய்விட்டது. அரசாங்கப் பணத்தில் போகிறவர்களுக்கு மட்டும் இன்னும் வரலாம்.

நிரந்தரவாசிகள் கிளம்பும் முன் மறுநுழைவு அனுமதி எத்தனை நாளைக்குச் செல்லும் என்று பாருங்கள். தேசிய சேவைக் கடப்பாடு உள்ளவர்கள் நீண்டகாலம் வெளிநாட்டில் இருப்பதற்கு வெளியேறும் அனுமதி தேவையா என்று தற்காப்பு அமைச்சின் தளத்தில் பார்த்து, தேவையென்றால் வாங்கிவிட்டுப் போங்கள். மத்திய சேம நிதியில் அந்தக் காலத்துக்கு எதுவும் சேராது.

பயிற்சி தொடங்கும் தேதிக்கு 30 நாள் முன்பே உள்ளே போகலாம், முடிந்தபின் 30 நாள் தங்கி ஊர் சுற்றலாம். போய்ச் சேர்ந்ததும் ஸ்பான்சரிடம் முகவரியோடு பதிவு செய்யுங்கள், அதைச் செய்யாவிட்டால் திட்டமே ரத்தாகிவிடும். வார இறுதியில் உணவு டெலிவரி மாதிரி பக்க வேலை எதுவும் கூடாது. திட்டத்தில் இல்லாத வேலையைத் தொடர்ந்து கொடுத்தால் முதலில் ஸ்பான்சருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள், தேதி போட்டு. அவர்களும் கண்டுகொள்ளவில்லையென்றால் வெளியுறவுத் துறையின் ஜே-1 அவசர உதவி எண் 1-866-283-9090.

முதல் சம்பளச் சீட்டு வந்ததும் ஒன்றைச் சரிபாருங்கள். ஜே-1 டிரெய்னிகளுக்குப் பொதுவாக முதல் இரண்டு நாள்காட்டி ஆண்டுகளுக்குச் சமூகப் பாதுகாப்பு வரியும் மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) வரியும் கிடையாது, இரண்டும் சேர்ந்து 7.65 விழுக்காடு. நிறைய இடங்களில் உள்ளூர் ஊழியர்களுக்குப் பிடிப்பது போலவே பிடித்துவிடுகிறார்கள். சம்பளப் பிரிவில் சொல்லித் திருத்தச் சொல்லுங்கள். அவர்கள் திருப்பித் தராவிட்டால் அமெரிக்க வரித்துறையிடம் 843 என்ற படிவத்தில் கேட்டு வாங்கலாம். வருமான வரி மட்டும் உண்டு, அதற்கு 1040-என்ஆர் படிவத்தை ஏப்ரல் 15-க்குள் அனுப்ப வேண்டும், அதற்குள் நீங்கள் சிங்கப்பூர் திரும்பிவிட்டிருந்தாலும்.