கிழமை லோனுக்குப் பதிலா ஊருக்குள்ளயே ஒரு சேமிப்புக் குழு தொடங்குறது எப்பிடி

இலங்கையின்ர வடக்கில, எங்கட வன்னியில, கிழமை லோன் எண்டா என்னெண்டு ஆருக்கும் விளக்கத் தேவையில்ல, கம்பனியள் குடுத்துக் கிழமைக்குக் கிழமை வந்து அறவிடுற நுண்கடன்தான். அஞ்சாறு பொம்பிளையளைச் சேர்த்து ஒரு குறூப், ஒருத்தி கட்டாட்டி மற்ற ஆக்கள் கட்டோணும், கட்டும் வரைக்கும் லோன்காரப் பெடியன் மோட்டச்சைக்கிளை முத்தத்தில விட்டுட்டு இருப்பான். எங்கட ஒழுங்கையில ஒரு அக்கா, மனுசன் 2009 இல இல்லாமப் போனவர், பொழுதுபடும் வரைக்கும் அவன் திண்ணையால எழும்பாததால மகளின்ர தோட்டைக் கழட்டி அடைவு வச்சுக் கட்டினவ. அடுத்த நாள் கிணத்தடியில குறூப்பில இருந்த ஒருத்தரும் அவவோட கதைக்கேல்ல. தோடு போனதை விட அதுதான் எனக்கு இண்டைக்கும் வலிக்குது.

2018 இல அரசாங்கம் வறட்சி பாதிச்ச 12 மாவட்டங்களில பொம்பிளையள் எடுத்த ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட நுண்கடனை ரத்துச் செய்யிறதா அறிவிச்சது, வட்டிக்கு 35 வீதம் எண்டு ஒரு உச்சமும் வச்சது. ஆனா பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தா, விதைநெல்லு வாங்கோணுமெண்டா காசு தேவைதானே, அதால சனம் திரும்பவும் எடுக்குது. அந்த அவசரக் காசை எங்கட கையிலயே வச்சிருக்கிறதுக்குத்தான் இந்தக் குழு.

முதல்ல வட்டியை விளங்கிக்கொள்ளுங்கோ. 50,000 எடுக்கிறியள், கிழமைக்கு 1,250 படி 52 கிழமை, மொத்தம் 65,000. 30 வீதம்தானே அக்கா எண்டு சொல்லுவினம். ஆனா 26 ஆவது கிழமை பாதி முதலைக் கட்டி முடிச்ச பிறகும் முழு 50,000 க்குத்தான் வட்டி போய்க்கொண்டிருக்கும், குறையிற முதலுக்கு எண்டு கணக்குப் பாத்தா அது வருசத்துக்கு 54 வீதம் வரும். போம் காசு, இன்சூரன்ஸ் எண்டு முதலே வெட்டினா இன்னும் கூட. இந்தக் கணக்கைக் குழுவின்ர முதல் கூட்டத்தில கொப்பியில போட்டுக் காட்டுங்கோ, வேற பேச்சே தேவைப்படாது.

ஆக்களைச் சேர்க்கேக்க 10 பேருக்குக் குறையாம 15 பேருக்கு மேல போகாம, நடந்து வந்து போற தூரத்தில இருக்கிற ஆக்களாப் பாருங்கோ. மனுசன் இல்லாத ஆக்கள், மனுசன் காணாமல் ஆக்கப்பட்ட ஆக்கள், இவையளை ஓரமா வைக்கிற பழக்கம் எங்கட ஊருகளில இன்னும் இருக்கு, குழுவில அது வேண்டாம். மனுசன்ர கையெழுத்து, மரணச் சான்றிதழ் ஒண்டும் கேக்காதேங்கோ. அடையாள அட்டை இலக்கமும் அவவின்ர சொல்லும் காணும். பொருளாளரா அவையளில ஒராளை வையுங்கோ, தனிய வீடு நடத்தின ஆக்களுக்குக் காசின்ர அருமை தெரியும்.

12 பேர் கிழமைக்கு 100 ரூபா போட்டா 1,200, 13 கிழமையில 15,600. அது வரைக்கும் ஆருக்கும் கடன் குடுக்காதேங்கோ, எவ்வளவு கெஞ்சினாலும். பிறகு குடுக்கிற கடனுக்கு வட்டி மாசம் 1 வீதம், குறையிற முதலுக்கு மட்டும். 10,000 எடுத்தவ முதல் மாசம் 1,100 (முதல் 1,000, வட்டி 100), அடுத்த மாசம் 1,090, அப்பிடியே 10 மாசத்தில முடிக்கேக்க மொத்த வட்டி 550 தான், அதுவும் குழுவின்ர காசுப் பெட்டிக்குத்தான் திரும்பி வருது. முதல் ஆறு மாசத்துக்குப் பழைய கம்பனி லோனை அடைக்கிறதுக்குக் குழுக் காசை எடுக்க விடாதேங்கோ. இது கல்மனசு மாதிரித் தெரியும், ஆனா எல்லாருக்கும் எங்கயோ ஒரு லோன் இருக்கு, விட்டா பெட்டி ஒரே நாளில காலி.

பெட்டிக்கு மூண்டு பூட்டு, மூண்டு திறப்பு, மூண்டு வீடு. காசு கூடினா பாங்கில போடுங்கோ, மூண்டு பேரில ரெண்டு பேர் கையெழுத்து வச்சாத்தான் எடுக்கலாம் எண்ட மாதிரி.

இனிக் கணக்கு, இதுதான் முக்கியம். ஒரு சீ.ஆர். கொப்பி (மட்டை போட்ட பெரிய கொப்பி) குழுவுக்கு, ஆளுக்கொரு சின்னக் கொப்பி. ஒவ்வொரு கூட்டத்திலயும் எல்லாற்ற கணக்கையும் சத்தமா வாசிக்கோணும். எங்கட குழுவில ஒரு அம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது, அவ ஒவ்வொரு முறை காசு கட்டிப்போட்டும் வீட்டில ஒரு சுண்டுப் பேணிக்குள்ள ஒரு புளியங்கொட்டை போட்டு வைப்பா. ஒருநாள் நான் 17 எண்டு வாசிக்க அவ இல்லப் பிள்ளை 18 எண்டா, பேணியைக் கொண்டுவந்து பாயில கொட்டி எண்ணினம், 18 தான். மழை நாளொண்டில நான் பதியாம விட்டிருக்கிறன். அண்டைக்கே எல்லாருக்கு முன்னாலயும் திருத்தி எழுதி அவவின்ர கைநாட்டும் வாங்கினன். சத்தமா வாசிச்சிருக்காட்டி அந்த 100 ரூபா அப்பிடியே போயிருக்கும், அவவுக்கு என்னில இருந்த நம்பிக்கையும் போயிருக்கும்.

ஒருத்தி கட்டாட்டி வீட்டு வாசலில போய் இருக்காதேங்கோ. ரெண்டு பேர் போய் என்ன பிரச்சினையெண்டு கேளுங்கோ, தவணையை நீட்டிக் குடுங்கோ. ஐப்பசி கார்த்திகை மழைக்கு கூலி வேலை இருக்காது, அந்த மாசங்களுக்கு வட்டி மட்டும் கட்டினாக் காணும், அறுவடைக்குப் பிறகு முதலைக் கட்டட்டும் எண்டு முதலே எழுதி வையுங்கோ. மனுசன் அடிச்சுக் காசைப் பறிக்கிறான் எண்டா அது குடும்ப விசயமில்ல, டி.எஸ். ஒபிசில (பிரதேச செயலகத்தில) மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பா, அவவிட்டக் கூட்டிக்கொண்டு போங்கோ, 1938 எண்ட பொம்பிளையளுக்கான உதவி இலக்கத்துக்கும் எடுக்கலாம்.

பதிவைப் பற்றி உடன யோசிக்கத் தேவையில்ல. ஒரு வருசம் ஒழுங்கா நடந்தா ஊர் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தோடயோ சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கத்தோடயோ சேர்ந்துகொள்ளலாம்.

தொடங்கிறதெண்டா பங்குனியில தொடங்குங்கோ. காலபோக (மாரி) நெல்லு வெட்டி, கச்சானும் வித்து கையில கொஞ்சம் காசு புழங்கிற நேரம். பங்குனி நடுவில தொடங்கினா ஐப்பசி விதைப்புக்கு 30 கிழமை, 12 பேரெண்டா 36,000 சேர்ந்திருக்கும். விதைநெல்லுக்கு ஆருக்கு முதல் குடுக்கிறதெண்டு அண்டைக்குப் பாயில இருந்து எல்லாருமாக் கதைச்சு முடிவெடுங்கோ.